பிலோமினா ரீச்சர் மூட்டிய அடுப்பு

செய்தியைக் கொண்டுவந்தவர் பஸ் கொண்டக்டர். மழையில் தெரு சேறாகிப் பஸ் சந்தியோடு நின்றுவிட்டதால், காற்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தே வந்திருந்தார். வகுப்பு வாசலில் நின்று தொப்பியைக் கழற்றியபோது, ஏதோ பார்சல் கொண்டுவந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"ரீச்சர், முல்லைத்தீவுப் பிலோமினா ரீச்சர் மோசம் போயிட்டா. தமக்கை சொல்லிவிட்டவா. நெஞ்சுக்கை நோகுது எண்டு படுத்தவாவாம், எழும்பேல்லை. நாளைக்குப் பின்னேரம் எடுக்கினம்."

சொல்லிவிட்டு அவர் அழுதார். அவரும் பிலோமினாவிடம் அரிவரி படித்தவர்தான். நான் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கைப் போட்டுக் கொடுத்துவிட்டு, பின்விறாந்தையில் போய் நின்றேன். மழை விட்டபாடில்லை. நத்தார்ப் பண்டிகைக்கு இன்னும் ஒரு கிழமை இருக்கிறதே, அதற்கிடையில் என்ன அவசரம் இந்த மனுஷிக்கு என்று கோபம்தான் முதலில் வந்தது. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

இதை வாசிக்கிற உங்களில் பலர் அவரிடம் படித்தவர்கள். அக்கராயன் பக்கத்துக் குடியேற்றத் திட்டத்தில் காடு வெட்டி வயலாக்கியவர்களும் அவர்களின் பிள்ளைகளும் அவரை மறந்திருக்க மாட்டார்கள். வாய்க்காலின் அந்தப் பக்கத்தில் நிற்கிறவனையும் இந்தப் பக்கத்திலிருந்தே அதட்டி இருத்துகிற குரல் அவருக்கு. அவர் படிப்பித்த பாட்டுகளையும் வைத்த குட்டுகளையும் மற்றவர்கள் எழுதுவார்கள். நான் எழுதப்போவது ஒரு நாயைப் பற்றி. குறை நினைக்காதீர்கள். பிலோமினாவைப் பற்றி எங்கே பேசத் தொடங்கினாலும் நாயில்தான் போய் முடியும்.

நாங்கள் இருவரும் ஒரே மாதத்தில் இங்கே நியமனம் பெற்று வந்தவர்கள். நான் யாழ்ப்பாணத்திலிருந்து ரயிலில் கிளிநொச்சிக்கு வந்து இறங்கினேன். அவர் முல்லைத்தீவிலிருந்து ஒரு லொறியில், கருவாட்டு மூட்டைகளுக்கு நடுவில் இருந்து வந்தார். எங்களுக்கு ஒரே குவாட்டர்ஸ். ஆளுக்கொரு அறை, பொதுவாக ஒரு குசினி. நான் மரக்கறிக்காரி, விடியக்காலையில் முழுகித் தேவாரம் பாடுகிறவள். அவர் மீன் இல்லாமல் சோற்றைத் திரும்பியும் பார்க்காதவர். ஊரார் ஒரு மாதம் தாங்காது என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் முதல் வெள்ளிக்கிழமையே பிலோமினா மீன் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, என்னுடைய கத்தரிக்காய்க் குழம்புக்குக் கோப்பையோடு வந்து நின்றார். அவர்களுடைய வேதத்தில் வெள்ளிக்கிழமை இறைச்சிதான் கூடாது, மீனுக்குத் தடை இல்லை என்பது எனக்குப் பின்னர்தான் தெரியவந்தது. கேட்டதற்கு, "வெள்ளிக்கிழமையிலை நாங்கள் ரெண்டு பேரும் ஒரே வேதம் எண்டு வைச்சுக்கொள்ளும்" என்றார். அவருடைய சமையலைச் சாப்பிட்டவர்களுக்குத்தான் தெரியும், அது முழுக்க முழுக்கத் தியாகமும் இல்லை.

நாய் விஷயத்தில் மட்டும் எங்களுக்கு ஒத்துவரவில்லை. என்னுடைய வீட்டில் நாய் முற்றத்தைத் தாண்டியதில்லை. இவரோ வந்த மூன்றாம் நாளே தெருவில் திரிந்த குட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, குசினி மூலையில் விட்டார். அன்று நடந்த சண்டை அயல் முழுக்கக் கேட்டிருக்கும். கடைசியில் ஒரு தீர்ப்புக்கு வந்தோம். என்னுடைய சாமிப்படம் இருக்கிற அறைக்கும் குசினிக்கும் நாய் வரக்கூடாது. வீட்டின் பின்னால் இறக்கியிருந்த பின்பத்தி அவருடைய ராச்சியம், அங்கே நான் வாய் திறக்கக்கூடாது. இரண்டு நாட்டுக்காரரும் உடன்படிக்கையை ஓரளவுக்குக் காப்பாற்றினோம்.

அந்தப் பின்பத்தியை நான் வேடிக்கை பார்த்ததுண்டு. மாரி தொடங்குமுன்பே பிலோமினா அதை ஆயத்தப்படுத்திவிடுவார். சீமெந்துத் தரை கூதலை வாங்கி வைத்திருக்கும் என்று, செங்கல்லின் மேல் பலகை போட்டு உயர்த்துவார். வாடைக்காற்று அடிக்கிற பக்கத்துக்குக் கிடுகுத் தட்டி கட்டுவார். படுக்கைக்குச் சாக்கு வேண்டாம், வைக்கோல்தான் வேண்டும். முதல் வருஷம் ஊரார் சொன்னபடி சாக்கு விரித்தார். அது சாரலையெல்லாம் குடித்து, குட்டியின் வயிற்றை ஈரத்திலேயே வைத்திருந்தது. "ஈரச்சாக்கிலும் பார்க்க வெறுந்தரை திறம்" என்பார். நனைந்து வருகிற நாயைப் பழஞ்சீலையால் துடைத்து, கால்விரல் இடுக்குவரை ஈரம் எடுத்துவிட்டுத்தான் படுக்க விடுவார். காது நுனியைப் பிடித்துப் பார்ப்பார். அது குளிர்ந்திருந்தால் அன்றைக்குக் கஞ்சி கொஞ்சம் கூட. நான் ஒருநாள், "பிள்ளை வளர்க்கிற மாதிரியல்லோ வளர்க்கிறீர்" என்று குத்தலாகச் சொன்னேன். அவர் வைக்கோலைத் தட்டிக்கொண்டே சொன்ன மறுமொழி எனக்கு மறக்காது.

"சரசு, நாய் பசிச்சால் குரைக்கும். ஆளைக் கண்டால் குரைக்கும். கூதலுக்குக் குரைக்காது. சுருண்டு போய்க் கிடக்கும். நாங்கள்தான் எட்டிப் பாக்கவேணும்."

இந்தப் பழக்கம் அவருக்குக் கடற்கரையில் வந்தது. தகப்பன் கரைவலைக்காரர். வாடைக்காற்றுக் காலத்தில் நனைந்து விறைத்து வீட்டுக்கு வருவாராம். தாய் கடல்மணலைச் சட்டியில் வறுத்து, சீலையில் முடிந்து, அவருடைய கால்களுக்கு ஒத்தடம் கொடுப்பாராம். தகப்பனோடு கூடவே வலையடியில் நின்று நனைந்த நாயும் வந்து பக்கத்தில் கிடக்குமாம். தாய் தகப்பனுக்குக் கொடுத்து முடிந்ததும், சூடு ஆறாத முடிச்சை நாயின் வயிற்றடியில் வைத்துவிடுவாராம். "அம்மா ஒருநாளும் நாயைத் தடவினதை நான் காணேல்லை. ஆனால் முடிச்சை வைக்க மறந்ததையும் காணேல்லை" என்று பிலோமினா சொன்னார். எங்களுக்கு இங்கே கடல்மணல் ஏது? உமியை வறுத்து முடிந்துகொண்டார். என் முழங்கால் நோவுக்கும் அதே முடிச்சுத்தான் வரும். நாய்க்கு வைத்த சீலையா என்று நான் கேட்பதை நிறுத்திவிட்டேன். கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார்.

இனிச் சிவலையின் கதைக்கு வருகிறேன்.

எங்கள் குவாட்டர்ஸுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இடையில் கதிரவேலு என்பவரின் வளவு இருந்தது. அவரும் மனைவி பறுவதமும் யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்து வந்த குடியேற்றக்காரர். பிள்ளைகள் இல்லை. உழைப்பாளிகள், ஆனால் அதிர்ஷ்டம் இல்லாதவர்கள். விளைந்த வயலை யானை மிதித்தது. பறுவதத்துக்குக் காட்டுக்காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. ஒரு புரட்டாதி மாதம் இரண்டு பேரும் ஒரு பெட்டியோடு வண்டிலில் ஏறினார்கள். "இவவை வீட்டை கொண்டுபோய் விட்டிட்டு வாறன் ரீச்சர். கெதியிலை வந்திடுவன்" என்று கதிரவேலு எங்களிடம் சொன்னார். வண்டிலின் பின்னால் ஓடிய சிவப்பு நிற நாயைப் பார்த்து, "சிவலை, போ! போய் வீட்டைப் பார்!" என்று கையை ஓங்கினார். நாய் நின்றது. திரும்பிப் போய்க் குசினி வாசலில் படுத்தது.

ஐப்பசி வந்தது. மழையும் வந்தது. கதிரவேலு வரவில்லை. குடியிருக்காமல் விட்ட காணியைக் காணிக் கந்தோர் திருப்பி எடுத்து வேறு ஆளுக்குக் கொடுத்துவிடும் என்பது எல்லாருக்கும் தெரிந்த சட்டம். அவர்கள் போனது போனதுதான் என்று ஊர் முடிவுகட்டிவிட்டது. வீட்டின் இலுக்குப்புல் கூரை ஒரு பக்கம் சரிந்தது. சிவலை மட்டும் அசையவில்லை. பகலில் எங்கேயாவது போய் எதையாவது தின்றுவிட்டு, பின்னேரமானதும் அந்த வாசலில் வந்து படுத்துக்கொள்ளும். இளநாயும் இல்லை. முகமெல்லாம் நரைத்திருந்தது.

பிலோமினாவுக்கு அது பொறுக்கவில்லை. சோறு வைத்துக் கூப்பிட்டார். சாப்பிட்டது, பின்னால் வரவில்லை. கழுத்தில் கயிறு போட்டுக் கொண்டுவந்து பின்பத்தியில் கட்டினார். கயிற்றைக் கடித்து அறுத்துக்கொண்டு போய்விட்டது. இரண்டாம் முறை அவரே தூக்கிக்கொண்டு வந்தார். கொட்டுகிற மழையில் திரும்பிப் போய் அதே வாசலில் கிடந்தது. நாங்கள் போய்ப் பார்த்தபோது உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது. இருமல் வேறு. பிலோமினா குனிந்து காதைப் பிடித்துப் பார்த்தார்.  

"இந்த மாரிக்கு இது தாங்காது, சரசு."

"வரமாட்டன் எண்டு நிக்கிறதுக்கு என்ன செய்யலாம்?"

"வீட்டைப் பார் எண்டு சொல்லிப்போட்டுப் போட்டார் மனுஷன். அது பாக்குது. அது வராட்டில், நாங்கள் போவம்."

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டதும் அவர் அங்கே போனார். நனைந்துவிடக் கூடாதே என்று குடை பிடிக்க நானும் போனேன். சரிந்த கூரையின் கீழ் குசினி மட்டும் ஒழுகாமல் இருந்தது. வைக்கோலுக்கு அயல் வீட்டுப் போரில் கைவைத்தார். மேல் வைக்கோல் நனைந்து கிடந்தது. முழங்கைக்கு மேலே கையை உள்ளே விட்டு, நடுவிலிருந்து காய்ந்ததாக இழுத்து எடுத்தார். பிறகு பறுவதத்தின் அடுப்பைத் துப்புரவாக்கி, அதில் தீ மூட்டினார். பாலை விறகு. நின்று எரிகிற விறகு, தணலும் கனநேரம் கிடக்கும். எரிந்து அடங்கியபின் தணலை ஓரமாக ஒதுக்கி, அடுப்பின் முன்னே சூடான சாம்பலைப் பரப்பினார். "சாம்பலிலை படுத்தால் தெள்ளும் போகும்" என்றார். சிவலை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தது. குசினிக்குள் வர அதற்குப் பயம். பறுவதம் விறகுக் கட்டையால் எறிந்து பழக்கியிருப்பார். பிலோமினா அதைத் தள்ளிக்கொண்டு போய்ச் சாம்பலில் இருத்தினார். சூடு வயிற்றில் பட்டதும் அது ஒரு பெருமூச்சு விட்டது. மனிதர் விடுகிற மூச்சேதான். நானே அதைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் எங்களுக்கு அந்த வேலை. பள்ளிக்கூடம் விட்டதும் விறகு, தீ, கஞ்சி, சாம்பல். நடுவில் நாலைந்து நாள் நாய் கஞ்சியைத் தொடவில்லை. இருமி இருமிச் சோர்ந்துபோனது. பிலோமினா உமி முடிச்சை அதன் நெஞ்சுக்கு வைத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் செபம் சொன்னார். நான் கந்தசஷ்டிக் காலம் என்று முருகனிடம் சொல்லிவைத்தேன். நாய்க்காக வேண்டுதல் செய்தது என் பரம்பரையிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எந்தச் சாமி கேட்டதோ, கஞ்சியை நக்கத் தொடங்கியது.

குடியேற்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. காடு வெட்டி ஒதுக்கிய வளவுகள் தள்ளித் தள்ளி இருப்பதால், பின்னேரத்தில் எந்தக் கூரையில் புகை எழும்புகிறது என்று பார்த்துத்தான் ஆள் இருக்கிறதா இல்லையா என்று அறிவோம். புகை இல்லாவிட்டால் காய்ச்சலோ என்று போய் எட்டிப்பார்ப்போம். கதிரவேலு வளவில் புகை எழுந்ததும் ஊர் என்ன நினைக்கும்? குளக்கட்டுப் பக்கத்திலிருந்து ஒரு மனுஷி, பறுவதம் சுகமாகி வந்துவிட்டாள் என்று முருங்கைக்காயும் ஒரு முட்டித் தயிரும் கொண்டு வந்துவிட்டார். "எணை பறுவதம்!" என்று கூப்பிட்டுக்கொண்டே குசினிக்குள் தலையை நீட்டினால், அடுப்படியில் சிவலை காலை நீட்டிக்கொண்டு படுத்திருக்கிறது. மனுஷி தயிரைத் திரும்பக் கொண்டுபோகவும் இல்லை, நாய்க்கு வைக்கவும் மனமில்லை. கடைசியில் என்னிடம் தந்துவிட்டுப் போனார்.

நாய்க்கு அடுப்பு மூட்டுகிற ரீச்சர் என்று ஊர் சிரித்தது. சிரித்தாலும், அடுத்த நாள் குசினி வாசலில் யாரோ ஒரு கட்டு விறகு போட்டிருந்தார்கள். யார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அந்தப் புகை எங்களை விட வேகமாக ஊர் சுற்றியது. தேங்காய் விற்க ரயிலில் வந்துபோகிற ஒருவர் அதைக் கண்டிருக்கிறார். நாயையோ எங்களையோ காணவில்லை, புகையை மட்டும் கண்டிருக்கிறார். யாழ்ப்பாணத்தில் கதிரவேலுவிடம் போய், "உன்ரை குசினியிலை புகை போகுது. ஆரோ உள்ளுக்கை பூந்திட்டாங்கள்" என்று சொல்லியிருக்கிறார்.

மார்கழியில் ஒருநாள் பின்னேரம். நான் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தேன். பிலோமினா ஊதுகுழலோடு அடுப்படியில் குந்தியிருந்தார். ஈர விறகு, ஊதி ஊதி முகமெல்லாம் கரி. வெளியே படலை தள்ளப்படுகிற சத்தம் கேட்டது.

"ஆரடா என்ரை வளவுக்கை? வெளியிலை வாடா!"

கதிரவேலுவின் குரல் என்று எனக்கு விளங்கவில்லை. அந்த மனுஷன் உரத்துப் பேசி நான் கேட்டதே இல்லை. கையில் ஒரு பொல்லு. தலையிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பிலோமினா ஊதுகுழலையும் கையில் பிடித்தபடியே எழுந்து வெளியே போனார். கரி பூசிய முகத்தோடு ரீச்சர் தன் குசினியிலிருந்து வருவதைக் கண்டு கதிரவேலு ஓங்கிய பொல்லை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்.

"ரீச்சர்? நீங்களோ? இஞ்சை என்ன செய்யிறியள்?"

"உங்கடை நாயைக் கேளுங்கோ" என்றார் பிலோமினா. "உங்களைக் காணாமல் வீட்டைவிட்டு வரமாட்டன் எண்டுது. கூதலிலை சாகவிட ஏலுமே?"

சிவலை அதற்குள் எழுந்து வந்துவிட்டது. ஓடி வரவில்லை, துள்ளவும் இல்லை. மெல்ல நடந்து வந்து, அவருடைய சேற்றுக் கால்களை மணந்து பார்த்தது. வாலை இரண்டு தரம் ஆட்டியது. பிறகு திரும்பிக் குசினிக்குள் போய், சாம்பலில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது. அந்த இரண்டு மாதத்தில் எங்கள் முன்னால் அது கண்ணை முழுக்க மூடியதே இல்லை. படலைச் சத்தம் கேட்டால் தலையைத் தூக்கும். அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் சத்தம் போட்டுப் பேசியும் எழும்பவில்லை.

கதிரவேலு வந்து அடுப்பின் முன்னால் குந்தினார். நாயின் முதுகில் கையை வைத்தார்.  அழுகிறார் என்று அவருடைய தோளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"நான் வாறதாய் இருக்கேல்லை, ரீச்சர். உண்மையைச் சொல்லுறன். இந்தக் காடும் வேண்டாம், காணியும் வேண்டாம் எண்டு விட்டிட்டன். ஆரோ பூந்திட்டான் எண்ட உடனைதான் கோவம் வந்தது."

"கோவத்திலை எண்டாலும் வந்தீங்கள்தானே" என்று சொல்லிவிட்டு, பிலோமினா ஊதுகுழலை அவருடைய கையில் கொடுத்தார். "இனி நீங்கள் ஊதுங்கோ. எனக்கு நெஞ்சு நோகுது."

அவர் ஊதினார். அடுத்த நாள் கூரை ஏறினார். அதற்கடுத்த நாள் காணிக் கந்தோருக்குப் போய், தான் இருப்பதாகச் சொல்லிவிட்டு வந்தார். தைப்பொங்கல் கழிந்து பறுவதத்தையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

பறுவதம் எங்களுக்கு நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு போன எங்களுக்கு நல்ல பூசை விழுந்தது. வீட்டுக்காரி இல்லாத வீட்டில் வேறொரு பெண் போய் அடுப்பு மூட்டுவதா? அதிலும் அடுப்பில் நாய் படுப்பதா? அடுப்பில் பூனை படுத்தாலே வீட்டில் சோறில்லை என்று ஊர் சொல்லும். இது நாய்! "எங்கடை குடி முழுகிப்போச்சு எண்டு ஊருக்குக் காட்டினியளோ, ரீச்சர்?" என்று கேட்டார். காய்ச்சலில் மெலிந்த உடம்பு, ஆனால் குரலில் மெலிவில்லை. அன்றே பழைய அடுப்பை உடைத்து வாய்க்கால் கரையில் போட்டார். புது மண் குழைத்துப் புது அடுப்பு போட்டு, சாணி மெழுகிப் பால் பொங்க வைத்தார். நானும் அதே வழக்கத்தில் வளர்ந்தவள், எனக்கு அவருடைய கோபம் விளங்கியது. பிலோமினாவுக்கும் விளங்கியிருக்கும் என்றே நினைக்கிறேன்.  படலையடியில் வந்ததும் ஒன்று மட்டும் கேட்டார்.

"பறுவதம், நாய் எங்கை படுக்கும்?"

"நாய் படுக்கிற இடத்திலை படுக்கும்."

அதோடு கதை முடிந்தது. அதற்குப் பிறகு பறுவதம் பிலோமினாவோடு தேவைக்கு மேலே ஒரு சொல் பேசியதில்லை. தெருவில் கண்டால் தலையை ஆட்டுவார், அவ்வளவுதான். சிவலை வெளித் தாழ்வாரத்தில் படுத்தது. பிலோமினா பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் படலைக்கு மேலாக எட்டி, அது படுத்திருக்கிற இடத்தைப் பார்ப்பார். ஒருநாள் அயல் பெடியனிடம் ஒரு கட்டுக் காய்ந்த வைக்கோல் கொடுத்துவிட்டார். கட்டு அப்படியே திரும்பி வந்தது. "எங்கடை வளவிலையும் வைக்கல் இருக்கு எண்டு சொல்லச் சொன்னவா" என்றான் அவன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போய் நாலு வார்த்தை கேட்கிறேன் என்று வெளிக்கிட்டேன். பிலோமினா கையைப் பிடித்து நிறுத்தினார். "வைக்கல் இருக்கு எண்டு சொல்லியிருக்கிறா. இனி அதைப் போடாமல் இருக்க அவாவாலை ஏலாது" என்று சிரித்தார். அது சரியாகத்தான் இருந்திருக்கவேண்டும். சிவலை அதற்குப் பிறகும் சில மாரிகளைக் கண்டுவிட்டுத்தான் போனது.

பிலோமினா புனிதவதி ஒன்றும் இல்லை. அவரை அறிந்தவர்களுக்கு நான் பொய் சொல்ல முடியாது. முன்கோபக்காரி. கடதாசிச் சீட்டாட்டத்தில் களவு செய்வார். பெரிய வாத்தியாரோடு நேரசூசிக்காகக் கைநீட்டாத குறையாகச் சண்டை போட்டிருக்கிறார். நாயிடம் காட்டிய பொறுமையில் பாதியை வாய்ப்பாடு தெரியாத பிள்ளையிடம் காட்டியிருந்தால் பல தலைகள் குட்டு வாங்காமல் தப்பியிருக்கும். ஆனால் காய்ச்சலென்று வராத பிள்ளையின் வீட்டு வாசலில் அன்றே போய் நிற்கிறவரும் அவர்தான். மாற்றலாகி முல்லைத்தீவுக்குப் போனபோது லொறியில் அவரோடு ஏறியவை ஒரு தகரப்பெட்டியும் இரண்டு நாய்களும். குவாட்டர்ஸ் அன்றைக்குத் துப்புரவாக இருந்தது. நான் பின்பத்தியில் போய் இருந்து அழுதேன்.

மரணச் செய்தி வந்த அன்று பின்னேரமே கதிரவேலு என்னிடம் வந்தார். "நாளைக்கு நாங்களும் வாறம், ரீச்சர்" என்றார். நாங்களும் என்றால் யார் என்று நான் கேட்கவில்லை. விடிய பஸ் நிலையத்தில் பறுவதம் வெள்ளைச் சீலையோடு நின்றார். மூவரும் முல்லைத்தீவு பஸ்ஸில் ஏறினோம். வழியெல்லாம் மழை.

கடற்கரை வீட்டில் சனம் நிறைந்திருந்தது. தமக்கை அன்னம்மா அக்கா என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். பிலோமினாவின் முகம் நித்திரை போலத்தான் இருந்தது, கொஞ்சம் கோபமாக. கோயில் மணி அடித்து, பெட்டியை எடுத்தார்கள். அவர்களில் பெண்களும் அடக்கம் செய்கிற சேமக்காலைக்குப் போவார்கள். எங்கள் வழக்கத்தில் இல்லை. கதிரவேலு மற்ற ஆண்களோடு பெட்டியின் பின்னால் போனார். நானும் பறுவதமும் வீட்டில் நின்றுகொண்டோம்.

வீடு வெறிச்சென்று போனது. நான் விறாந்தைக் கதிரையில் இருந்து கடலின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு பார்த்தால் பறுவதத்தைக் காணவில்லை. வீட்டின் பின்பக்கமிருந்து புகை வந்தது.

சேமக்காலையிலிருந்து திரும்பிய அன்னம்மா அக்காவும் நானும் ஒன்றாகத்தான் குசினி வாசலுக்குப் போனோம். பறுவதம் சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். செத்த வீட்டில் அன்றைக்கு உலை வைப்பதில்லை, அயலில் இருந்துதான் சாப்பாடு வரும். அது அவருக்குத் தெரியாததல்ல.

"வேண்டாம் பிள்ளை" என்றார் அன்னம்மா அக்கா. "பக்கத்து வீட்டிலை சமைக்கினம். நீர் ஏன் கரைச்சல்படுறீர்?"

பறுவதம் நிமிர்ந்து பார்க்கவில்லை. தணலை ஓரமாக ஒதுக்கி, சாம்பலைக் கையால் பரப்பி, சூடு பார்த்தார்.

"சமையலுக்கில்லை அக்கா. நாயள் ரெண்டும் வெளியிலை நனைஞ்சுகொண்டு நிக்குதுகள். சனத்துக்குப் பயந்து உள்ளுக்கை வரேல்லை."

சொல்லிவிட்டு எழுந்து போய், மழைக்குள் நின்ற இரண்டையும் ஒவ்வொன்றாகக் கழுத்தில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். தன்னுடைய வெள்ளைச் சீலைத் தலைப்பாலேயே துடைத்தார். அடுப்படியில் இருத்தினார். அவை படுத்தபிறகுதான் அழத் தொடங்கினார். அவர் அப்படி வாய்விட்டு அழுது நான் அதற்கு முன் கண்டதில்லை. நான் பக்கத்தில் போய்க் குந்தினேன்.

நாய் எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. அதைப் பிலோமினாவின் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன், அவர் இப்போது இல்லையென்பதற்காக மாற்றிச் சொல்லமாட்டேன். அவருடைய படம்கூட என்னிடம் இல்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ஒரு தொல்லைதான். மழை பிடித்துவிட்டால், கதவைச் சாத்திப் போர்த்துக்கொண்டு நிம்மதியாகப் படுக்க என்னால் முடிவதில்லை. வெளியே எது நிற்கிறது, யார் நிற்கிறார்கள் என்று எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன்.